வெளுத்த 5 சென்ட், நடு புரண்ட 5 ராண்ட்: இவை பிழை நாணயங்களா?

கோவன், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா:

அப்பாவின் மளிகைக் கடையை மூடிவிட்டோம். கல்லாவின் அடியில் கிடந்த சில்லறையைப் பிரித்தபோது மூன்று காசுகள் கண்ணில் பட்டன. ஒன்று 5 சென்ட். செம்பு நிறமே இல்லை, முழு வெள்ளை. இரண்டாவது 5 ராண்ட். வெளி வளையம் சரியாக இருக்கிறது, நடுவில் உள்ள மஞ்சள் வட்டு மட்டும் முன்பின் மாறியிருக்கிறது. மூன்றாவது 2 ராண்ட். இரண்டு பக்கமும் அரசுச் சின்னம்தான், குடு மானையே காணோம். வாங்க ஆள் இருக்கிறது என்கிறார் மைத்துனர். மிண்ட்டில் (நாணயச் சாலையில்) நேர்ந்த பிழையா, எவனோ செய்த கைவேலையா என்று தெரியாமல் விற்கப் பயமாக இருக்கிறது. நாளைக்கு ஏமாற்றினேன் என்ற பேர் வேண்டாம்.

பட்டறை மாமா, டர்பன்:

தம்பி, நான் டூல் ரூமில் பிரஸ் அச்சு செய்தே ரிட்டயர் ஆனவன். காசு சேர்ப்பது அப்புறம் வந்த பைத்தியம். எந்தக் காசைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: இது எந்தக் கட்டத்தில் நடந்திருக்க முடியும்? தகட்டில் வட்டு வெட்டும்போதா, பூச்சு ஏற்றும்போதா, அச்சு அடிக்கும்போதா? எந்தக் கட்டத்திலும் நடக்க வழியில்லை என்றால் அது மிண்ட்டை விட்டு வெளியே வந்த பிறகு யாரோ செய்த வேலை.

உன் 5 ராண்டை எடு. 2004 முதல் வரும் இரட்டை உலோகக் காசு அது. வெறும் வளையத்துக்குள் வெறும் வட்டை வைத்து, மேலும் கீழும் அச்சு வைத்து ஒரே அடி. அந்த அடியில்தான் இரண்டும் ஒட்டுகின்றன, படமும் விழுகிறது. அடிக்கு முன் வட்டில் படமே இல்லாதபோது அது எப்படித் தலைகீழாகப் போகும்? யாரோ நடுவைத் தட்டிக் கழற்றித் திருப்பிச் செருகியிருக்கிறார்கள். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார், இணைப்பில் சுரண்டல் தெரியும். வட்டு இல்லாமலே வளையம் மட்டும் அடிபடுவது, வட்டு சரியாக உட்காராமல் மஞ்சள் உலோகம் வளையத்தின் மேல் வழிவது, இதெல்லாம் நிஜப் பிழை. அவை கிடைத்தால் எனக்குச் சொல்.

2 ராண்ட் வித்தைக்காரர் காசாக இருக்கும். ஒன்றை லேத்தில் குடைந்து, இன்னொன்றைக் கடைந்து சிறிதாக்கி உள்ளே இறக்கிவிடுவார்கள். நம் பழைய 2 ராண்ட் செம்பின் மேல் நிக்கல் பூசியது. கடைந்த இடத்தில் பூச்சு போய்விடும். விளிம்பை ஒட்டி உள்பக்கமாக மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறதா பார். சிமெண்ட் தரையில் போட்டால் நல்ல காசு கணீரென்று கேட்கும், இது தொக்கென்று விழும்.

சரோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

வெள்ளை 5 சென்ட் பற்றி நான் சொல்கிறேன், வேதியியல் டீச்சர். துத்தநாகப் பொடியும் காஸ்டிக் சோடாவும் வைத்துச் செம்புக் காசை வெள்ளியாக்குவது பள்ளிக்கூட லேபில் பழைய வித்தை. அப்புறம் சூடாக்கினால் பித்தளையாகித் தங்கம் போல மின்னும். அப்படிப்பட்ட காசில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் லேசாகக் கீறினால் செம்பு சிவக்கும். இன்னொரு வழி, எஃகின் மேல் பூசிய செம்பை அமிலத்தில் கரைத்துவிடுவது. அப்போது எழுத்துகள் மெலிந்து மழுங்கிப்போகும், எடையும் குறையும் (முறையான எடை 4.5 கிராம்). எழுத்தின் உள்மூலைகளில் சிவப்பு ஒளிந்திருக்கும். பூச்சு ஏறாமலே அச்சுக்குப் போன காசானால் எழுத்து கூராக நிற்கும்.

காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே எஃகு என்பதால் எந்த 5 சென்டும் ஒட்டும். எங்கள் பிள்ளைகளோ ‘அஃபுரிகா ட்ஷிபெம்பே’ என்று போட்ட காசைக் கொண்டுவந்து எழுத்துப் பிழை என்கிறார்கள்! அது வெண்டா மொழியில் நாட்டின் பெயர். நம் காசுகளில் மொழி மாறி மாறித்தான் வரும்.

கோவன்:

5 சென்ட் நகைக்கடைத் தராசில் 4.2 கிராம். எழுத்தும் மழுங்கல்தான். 2 ராண்டில் சிவப்புக் கோடு தெரிகிறது மாமா. மைத்துனர் இன்னும் நம்பவில்லை. இன்னொரு 50 சென்ட் இருக்கிறது, ஓரத்தில் பிறை போலக் கடித்த மாதிரி.

பட்டறை மாமா:

இதை முதலில் சொல்லக்கூடாதா! தகடு சரியாக நகராமல், முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டு விழுந்தால் அப்படிப் பிறை வரும். அந்த வட்டின் விளிம்பை எழுப்ப உருட்டும்போது பிறைப் பக்கம் அழுத்தம் கிடைக்காது. அதனால் நேர் எதிர்ப்பக்கத்திலும் விளிம்பு சரியாக எழாது. அரத்தால் ராவிய காசில் எதிர் விளிம்பு முழுசாக இருக்கும். அத்தோடு, வட்டு வெட்டிய பிறகுதான் எஃகின் மேல் மஞ்சள் பூச்சு. நிஜமானால் பிறையின் வெட்டு முகத்திலும் அதே மஞ்சள் இருக்க வேண்டும்; எஃகு வெள்ளையாகத் தெரிந்தால் அரம். வெட்டு முகம் ஒன்று, எதிர் விளிம்பு ஒன்று, இரண்டையும் கிட்டத்தில் படம் பிடித்துப் போடு. பளபளப்பு ஏற்றுகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதே.