கடலில் நனைந்த ட்ரைபாடை அங்கேயே மடக்காதீர்கள்: மணல், சேறு, மழை அனுபவங்கள்

பெசன்ட் நகரிலிருந்து

போன மார்கழியில் எலியட்ஸ் கடற்கரைக்குச் சூரிய உதயம் எடுக்கப் போனேன். ஷ்மிட் நினைவு மண்டபத்துக்கு நேரே இறங்கி, ஈர மணலில் ட்ரைபாடை (கேமராவைத் தாங்கும் முக்காலி) ஊன்றி, முப்பது விநாடி ஷட்டர் திறந்திருக்கும்படி எக்ஸ்போஷர் வைத்தேன். அலை வந்து கால்களைச் சுற்றிப் போனது. படம் நன்றாகவே வந்தது. வெயில் ஏறியதும் கால்களைச் சரசரவென்று மடக்கி, உறையில் போட்டு, டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து ஒரு நிச்சயதார்த்த வேலைக்காகத் திறந்தால், ஒரு காலின் கடைசிக் குழாய் வெளியே வரவே இல்லை. துணி சுற்றித் திருகிப் பார்த்தேன், வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். அசையவில்லை.

கோடம்பாக்கத்தில் கேமரா சாமான் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அரை மணி நேரம் போராடிக் குழாயை உருவினார். உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அலுமினியம் உப்பு பட்டு அரித்த பொடி அது. குழாயைச் சுற்றி நீளநீளமாகக் கீறல்கள். “தம்பி, இதைக் கடல் கெடுக்கல. நீங்க மடக்கினதுதான் கெடுத்திருக்கு” என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. குழாயில் ஒட்டிய மணலோடு மடக்கும்போது அத்தனை மணலையும், நீட்டிய குழாயை இறுக்கிப் பிடிக்கும் பூட்டுக்குள் நாமே தள்ளிவிடுகிறோம். அப்புறம் ஒவ்வொரு முறை இழுத்துத் தள்ளும்போதும் அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கிறது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். முதலாவது, கால்களை நீட்டும் வரிசை. வழக்கமாகத் தடித்த குழாயைத்தான் முதலில் நீட்டுவோம், அதுதான் ஆடாமல் நிற்கும். கடற்கரையில் மட்டும் நேர்மாறாக, அடியிலுள்ள மெல்லிய குழாயை முழுவதும் நீட்டிவிடுகிறேன். அப்போது பூட்டு தண்ணீருக்கும் மணலுக்கும் மேலே நிற்கும், நனைவது வெறும் குழாய்தான். கொஞ்சம் ஆட்டம் கூடும். நடுத்தண்டை உயர்த்தாமல் இறக்கியே வைத்தால் சமாளிக்கலாம்.

இரண்டாவது, மடக்காமல் வீட்டுக்கு வருவது. பைக்கில் நீட்டிய ட்ரைபாடோடு வருவது சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிறேன். கேமராவைப் பொருத்தும் தலையைக் கழற்றிவிட்டு, மேலிருந்து கீழாக ஊற்றி மணலைக் கழுவி, துணியால் துடைத்து, மெல்லிய குழாயை நீட்டியபடியே விட்டு மேல் குழாய்களை மட்டும் மடக்குகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலை திரும்பும்போது காலடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போகும். நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான், ஆனால் அலையின் இழுப்பு பலமானது. அந்த நினைவு மண்டபமே, மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர்விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டியது. அதனால் ஒவ்வொரு காலையும் திருகித் திருகி, இதற்கு மேல் இறங்காது என்கிற வரை அழுத்திவிட்டு, ஒரு அலை வந்து போகும்வரை காத்திருந்துதான் கேமராவைப் பொருத்துகிறேன். அழுத்தும்போது கால்களை முழு அகலத்துக்கு விரித்திருக்கக் கூடாது. மணலில் இறங்க இறங்க அவை தாமாகவே விரியும். ஏற்கெனவே முழுக்க விரித்திருந்தால் பாரமெல்லாம் மேலேயுள்ள மூட்டில் விழுந்து அது விரிசல் விடும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். சேற்றில் வேலை செய்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை.

திருவொற்றியூரிலிருந்து

அண்ணா, சேறு என்றால் எங்கள் பக்கம்தான். எண்ணூர் கழிமுகத்தில் வலைக்காரர்களைப் படம் எடுக்கிறேன். அங்கே சில இடங்களில் சேற்றோடு அனல் மின் நிலையச் சாம்பலும் கலந்திருக்கிறது. மாவு போல நைசாக இருக்கும், காய்ந்தால் பூட்டின் மரைக்குள் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். மணலாவது தட்டினால் உதிரும்.

முதல் தடவை போனபோது கால் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. தலையைப் பிடித்து மேலே இழுத்தேன். ட்ரைபாட் வந்தது, ஒரு காலின் கடைசிக் குழாய் மட்டும் பூட்டிலிருந்து உருவிக்கொண்டு சேற்றிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த அண்ணன்தான் வந்து கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். அவர் காட்டிக்கொடுத்த முறையைத்தான் இன்றுவரை செய்கிறேன். அடிக்குழாயையே பிடித்து, முதலில் இப்படியும் அப்படியும் திருக வேண்டும். சேறு விட்டுக்கொடுக்கும். காற்று உள்ளே போகிற சத்தம் கேட்கும். அப்புறம் ஒவ்வொரு காலாக எடுக்க வேண்டும். படகு கட்டும் கழியை அவர்கள் அப்படித்தான் பிடுங்குகிறார்கள்.

இப்போது ஹார்டுவேர் கடையில் வாங்கிய பிவிசி குழாயை ஒன்றரை அடிக்கு வெட்டி, அடியில் மூடி ஒட்டி, மூன்று கால்களுக்கும் பூட்ஸ் மாதிரி மாட்டுகிறேன். மேல் வாயைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவேன். மூடி அகலமாக இருப்பதால் அவ்வளவாகப் புதைவதில்லை. ஆனால் இதை ஓடுகிற தண்ணீரில் போடாதீர்கள். உள்ளே காற்று இருப்பதால் கால் மிதக்கப் பார்க்கும். பாலித்தீன் பை கட்டியும் பார்த்தேன். சிப்பி ஓடு குத்திக் கிழிந்து, உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தேங்கி நின்றது. பை கட்டாமல் இருப்பதே மேல்.

வேளச்சேரியிலிருந்து

என்னுடையது விரும்பிப் போய் நனைத்தது இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கேமராவையும் லென்ஸையும் பரணில் ஏற்றினேன், கட்டிலுக்கு அடியில் இருந்த இரண்டு ட்ரைபாடுகளை மறந்துவிட்டேன். இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் கிடந்தன.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த நல்ல காரியம், அவற்றை வெயிலில் போடாமல் அப்போதே பிரித்தது. சேறு காய்வதற்குள் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. திருகுப் பூட்டைக் கடைசிவரை திருகினால் குழாய் தனியாக வந்துவிடும். குழாயின் மேல் முனையில் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் இருக்கும், கழன்று விழுந்தால் எந்தப் பக்கம் மேலே என்று குழம்பிப்போவீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு காலை முழுவதும் முடித்துவிட்டுத்தான் அடுத்த காலைத் தொட்டேன். பக்கெட் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். குழாயின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டு எடுத்தேன், அந்தத் துணி வந்த நிறத்தைப் பார்த்து என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு நிழலில் இரண்டு நாள், குழாய்களைச் செங்குத்தாக நிறுத்திக் காய வைத்தேன்.

சாதா ட்ரைபாட் பிழைத்தது. வீடியோவுக்கு வைத்திருந்த இன்னொன்றின் கால்களும் பிழைத்தன, ஆனால் அதன் ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் (கேமராவை வழுவழுவென்று திருப்ப உதவும் தலை) தண்ணீர் போய்விட்டது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. திருப்பினால் சொரசொரவென்று நின்று நின்று போகிறது. இன்றும் அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. தலைகளை முதலிலேயே கழற்றித் தனியாக உயரத்தில் வைத்திருக்கலாம், ஒரு திருகுதான். இப்போது அக்டோபர் பிறந்தாலே கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன்.

திருவான்மியூரிலிருந்து

கார்பன் ஃபைபர் ட்ரைபாட் வாங்கினால் உப்பு ஒன்றும் செய்யாது என்று கடையில் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். குழாய் துருப்பிடிக்காது, அது சரி. ஆனால் பூட்டும் மேல் மூட்டும் அலுமினியம். கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால், இரண்டும் சேருகிற இடத்தில் உப்புத் தண்ணீர் தங்கினால் அலுமினியம் இன்னும் வேகமாக அரிக்கும். என்னுடையதில் ஒரு வருடத்திலேயே அந்த இடத்தில் பெயிண்ட் கொப்புளம் விட்டது. கார்பன் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்.

கழுவுகிற தண்ணீரையும் பாருங்கள். எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காய வைத்தால் மறுபடியும் வெள்ளைத் திட்டு வந்துவிடுகிறது. நான் மெட்ரோ வாட்டரைத் தனி பக்கெட்டில் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

கழுவிய பிறகு எண்ணெய் என்ன போடுகிறீர்கள்? அம்மா சொன்னார் என்று தேங்காய் எண்ணெய் போட்டேன், பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

பெசன்ட் நகரிலிருந்து

அக்கா, தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசின் மாதிரி ஆகிவிடும், மணல் நன்றாக ஒட்டும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம், அது இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும். அந்தப் பெரியவர் எனக்குப் போட்டுக் கொடுத்தது லித்தியம் கிரீஸ். ஒரு உளுந்து அளவு எடுத்து, பூட்டின் மரையில் மட்டும் தடவினார். குழாயின் மேலும் பிளாஸ்டிக் பட்டைகளின் மேலும் படவே கூடாது என்றார். அவை உராய்ந்து பிடித்தால்தான் கால் நிற்கும், கிரீஸ் பட்டால் கேமரா பாரத்தில் மெல்ல வழுக்கி இறங்கும். இருக்கிற பிசுபிசுப்பைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

திருவொற்றியூர் தம்பி, அந்த பிவிசி குழாய் எத்தனை இன்ச் என்று சொல்லுங்கள். தை பிறந்ததும் பழவேற்காடு போகிறேன், அதற்குள் ஒரு ஜோடி செய்து பார்க்க வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து

ஒன்றரை இன்ச் அண்ணா. ஆனால் ஜோடி போதாது, மூன்றாக வெட்டுங்கள். கடைக்குப் போகும்போது ட்ரைபாடையும் கையோடு கொண்டுபோய்க் காலில் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள், பூட்டு தடித்த மாடலாக இருந்தால் இரண்டு இன்ச் தேவைப்படும்.