லாரா 1.8 டிஎஸ்ஐ: ஐடிலில் விசில் சத்தம், செக் இன்ஜின் விளக்கு. டர்போ போய்விட்டதா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, 2011 மாடல், மேனுவல் கியர், புதுச்சேரி (பிஒய்-01) பதிவு. 96,000 கி.மீ. ஓடியிருக்கிறது. நான் மூன்றாவது ஓனர், வாங்கி எட்டு மாதம் ஆகிறது. அம்மாவை வாரம் இரண்டு முறை ஜிப்மருக்குக் கூட்டிப்போக இந்த வண்டிதான்.

மூன்று வாரமாக ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) மெல்லிய விசில் சத்தம். சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது. போன புதன் தவளக்குப்பம் தாண்டும்போது செக் இன்ஜின் விளக்கு வந்தது. பிக்கப் குறையவில்லை. ஆயில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிற மாதிரி தெரிகிறது.

கடலூரில் ஒரு கடையில் காட்டினேன். சத்தத்தைக் கேட்டதுமே, ஸ்கேனர்கூடப் போடாமல், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சாதனம்) போயிடுச்சு, லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அவ்வளவு பணத்தை நான் புரட்ட வேண்டும் என்றால் நகையைத்தான் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: அரியாங்குப்பம் ஆர்எஸ்

தம்பி, அவசரப்பட்டு நகையில கை வைக்காதீங்க. என்கிட்ட 2004 ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கு, அதே 1.8 டர்போ பெட்ரோல், 150 பிஎஸ். இருபது வருஷமா பிள்ளை மாதிரி வச்சிருக்கேன். மூணாவது ஓனர்னு சொல்றீங்க, முதல்ல, வால்வை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டை மாத்துங்க. பெல்ட் அறுந்தா வால்வு வளைஞ்சு இன்ஜினே போயிடும். கூடவே வாட்டர் பம்ப்பும் மாத்திடுங்க. விசிலை அப்புறம் பார்த்துக்கலாம்.

பதில்: வில்லியனூர் பட்டறை

ஆர்எஸ் அண்ணே, உங்க வண்டிக்கு நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஆனா தம்பி வண்டியில டைமிங் பெல்ட்டே கிடையாது, செயின். ரெண்டுக்கும் 1.8 டர்போன்னு பேர் ஒண்ணா இருக்கறதுதான் குழப்பம். உங்களோடது 1781 சிசி, சிலிண்டருக்கு அஞ்சு வால்வு, மொத்தம் இருபது. பெட்ரோல் வால்வுக்கு முன்னாடியே, காத்து உள்ள வர்ற வழியான இன்டேக் போர்ட்ல தெளிக்கும். லாராவோடது 1798 சிசி, பதினாறு வால்வு, பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போகும். 160 பிஎஸ், 250 என்எம், அந்த இழுவை 1,500 ஆர்பிஎம்லேயே வந்துடும். ஒண்ணோட சாமான் இன்னொண்ணுக்குச் சேராது.

தம்பி, டர்போ கெட்டா லோடுல தெரியணும். ஓவர்டேக் பண்றப்ப இழுக்காது, இல்ல சைலன்சர்ல நீலப்புகை வரும். உங்களுக்கு நோவு ஐடில்ல. அதனால வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க. இன்ஜின் ஓடிட்டிருக்கும்போது, விசில் அடிக்கிற நேரம் பார்த்து, ஆயில் டிப்ஸ்டிக்கை ரெண்டு விரக்கடை மேல தூக்குங்க. சத்தம் சட்டுனு நின்னா டர்போ இல்ல, பிசிவி வால்வு, அதாவது இன்ஜினுக்குள்ள கசியற வாயுவைத் திரும்ப இன்டேக்குக்கு அனுப்பற வால்வு. சட்டைக் கை, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகாம பார்த்துக்கோங்க.

வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி டாங்கிள் ஒண்ணு கடன் வாங்கி, எரர் கோடும் ஃபியூயல் ட்ரிம்மும் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்குதுங்கற சதவீதம்) குறிச்சுப் போடுங்க. ஐடில்ல ஒரு தடவை, 2,500 ஆர்பிஎம்ல ஒரு தடவை.

பதில்: காலாப்பட்டு மணி

இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் ஒன்று டேங்கில் ஊற்றிப் பாருங்கள். ஐடில் ஏறி இறங்குவது கார்பனாலும் வரும்.

பதில்: வில்லியனூர் பட்டறை

மணி சார், கார்பன் வரும்ங்கறது நிஜம். ஆனா இந்த இன்ஜின்ல பெட்ரோல் இன்டேக் வால்வு மேல படறதே இல்ல. டேங்க்ல என்ன ஊத்தினாலும் அந்த வால்வைக் கழுவாது. சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு அனுப்பற மேனிஃபோல்டைக் கழட்டித்தான் சுத்தம் பண்ணணும். அது பெரிய வேலை, இப்ப வேணாம்.

பதில்: திருப்பாதிரிப்புலியூர்க்காரன்

அண்ணா, கை நடுங்க நடுங்க டிப்ஸ்டிக்கைத் தூக்கினேன். பெயர்ந்து வரவே கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது, உள்ளிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. வெளியே வந்ததும் விசில் அப்படியே நின்றுவிட்டது. திரும்ப அழுத்தினேன், மறுபடி விசில். மூன்று முறை செய்து பார்த்தேன்.

கோடு பி0171. ஃபியூயல் ட்ரிம் ஐடிலில் 22 சதவீதம் கூடுதல், 2,500 ஆர்பிஎம்மில் 5 சதவீதம்.

பதில்: வில்லியனூர் பட்டறை

அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சது. பி0171னா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. ஏர்ஃப்ளோ சென்சார் கணக்குல வராத காத்து எங்கயோ உள்ள போகுது. ஐடில்ல மேனிஃபோல்டுக்குள்ள வேக்கம் (உறிஞ்சற இழுப்பு) ஜாஸ்தி, அதனால அந்தத் திருட்டுக் காத்து பெருசாத் தெரியும். ரைஸ் பண்ணா உள்ள போற மொத்தக் காத்தும் கூடிடும், அதுல இது மறைஞ்சுடும். அதான் 22, 5 ஆகுது.

பிசிவிக்குள்ள ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கு. பிஸ்டன் ரிங் வழியா கீழ கசியற வாயுவை அளவா இன்டேக்குக்கு அனுப்பறது அதோட வேலை. சூட்டுலயும் ஆயில்லயும் வருஷக்கணக்கா கிடந்து கிழிஞ்சா, மேனிஃபோல்டோட முழு வேக்கமும் இன்ஜினோட அடிப்பகுதியான கிராங்க்கேஸ்ல இறங்கிடும். ஆயில் வெளிய வராம தடுக்கிற பின்பக்க கிராங்க் சீல் வழியா காத்தை உறிஞ்சறதுதான் நீங்க கேக்கற விசில். இப்படியே ஓட்டினா அந்த சீலும் போகும். அப்புறம் கியர்பாக்ஸை இறக்கணும், செலவு எங்கயோ போயிடும்.

பிசிவி இன்ஜின் தலைமேலயே உட்கார்ந்திருக்கும், டி30 டார்க்ஸ் ஸ்க்ரூ. இன்ஜின் ஆறினப்புறம் கை வைங்க. ஒரே மாதிரி தெரியற பிசிவி பல நம்பர்ல வருது, அதனால சேஸிஸ் நம்பர் 17 எழுத்தையும் கொடுத்து வாங்குங்க. ஸ்டெப்னி வைக்கிற குழியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல இன்ஜின் குறியீடும் இருக்கும், அதையும் போட்டோ எடுத்துக்கோங்க. ஆயில் 5டபிள்யூ-40, டப்பா மேல விடபிள்யூ 502 00ன்னு இருக்கணும். அதைப் பார்க்காம ஊத்தாதீங்க.

பதில்: மஞ்சக்குப்பம் வாசகர்

வேறு ஒரு விஷயம். பிஒய் வண்டியைக் கடலூரில் வைத்து ஓட்டுகிறீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. எட்டு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். புதுச்சேரியில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கும் வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

பதில்: திருப்பாதிரிப்புலியூர்க்காரன்

நன்றி சார், அது மனதிலேயே இல்லை.

அண்ணா, நேற்று பிசிவி மாற்றியாகிவிட்டது. பழையதின் வட்ட மூடியைப் பிரித்துப் பார்த்தேன். டயாஃப்ரத்தின் ஓரத்தில் சுண்டுவிரல் நக அளவுக்குப் பிறை மாதிரி கிழிசல், ரப்பர் அப்பளமாக விறைத்திருந்தது. சாமானும் கூலியும் சேர்த்தே டர்போவுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை. ட்ரிம் இப்போது ஐடிலில் 3 சதவீதம். இன்று காலை ஜிப்மர் போய் வந்தேன், கன்னியக்கோயில் நெரிசலில் கால் மணி நேரம் நின்றும் முள் அசையவில்லை. அம்மாவே, என்னடா வண்டி சத்தம் போடல என்று கேட்டார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு விநாடி கலகலவென்று ஒரு சத்தம். முன்பே இருந்ததா என்று தெரியவில்லை, இப்போது விசில் இல்லாததால் காதில் விழுகிறது.

பதில்: வில்லியனூர் பட்டறை

தம்பி, அதை விட்டுடாதீங்க. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரா இருக்கலாம். பின்னாடி வந்த வண்டிங்களுக்குத் திருத்தின டென்ஷனர் போட்டாங்க, உங்களுக்கு எது இருக்குன்னு பார்க்கணும். டைமிங் கவர்ல கீழ ஒரு ரப்பர் அடைப்பு இருக்கு, அதைக் கழட்டி டார்ச் அடிச்சா தெரியும். அதுவரைக்கும் ஏத்தத்துல கியர் போட்டு மட்டும் நிறுத்தாதீங்க, வண்டி பின்னால உருண்டா செயின் தளர்ந்து பல் தாண்டலாம். ஹேண்ட்பிரேக் போடுங்க. ஞாயித்துக்கிழமை காலையில இன்ஜின் ஆறின வண்டியா கொண்டாங்க, முந்தின நாளே வந்து பட்டறையில விட்டுட்டாலும் சரி.