ஓட்டுநர் உரிமம் காலாவதியான நிலையில் விபத்து: இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி:
தக்கலை அருகே மழையில் என் கார் சறுக்கி மோதியதில், ஸ்கூட்டரில் வந்தவரின் கணுக்கால் முறிந்தது. காப்பீடு நடப்பில் உள்ளது. ஆனால் உரிமம் 2 மாதம் முன்பே காலாவதியானதை, காவல் நிலையத்தில் அட்டையை நீட்டியபோதுதான் கவனித்தேன். இப்போது நாகர்கோவில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் அழைப்பாணை வந்துள்ளது. வீட்டை விற்க நேருமோ?

பதில் 1:
ஐயா, மூன்றாம் நபரின் (இங்கே ஸ்கூட்டரில் வந்தவரின்) காயத்துக்கான காப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. ஆயினும் உரிமக் குறை இருப்பதால், காப்பீட்டு நிறுவனம் முதலில் காயமடைந்தவருக்கு இழப்பீட்டைச் செலுத்திவிட்டு, பின்னர் உங்களிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அந்தக் குறை விபத்துக்கே காரணமாக அமைந்ததா என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உங்கள் வழக்கறிஞர் இதை வலியுறுத்தட்டும்.

பதில் 2:
அழைப்பாணையைப் புறக்கணித்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். காப்பீட்டு நிறுவனத்துக்கு இன்றே எழுத்து மூலம் தெரிவியுங்கள். உரிமம் காலாவதியாகியிருந்ததால், உங்கள் காரின் சேதத்துக்கான கோரிக்கை மறுக்கப்படலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளை காலையிலேயே வழக்கறிஞரைச் சந்திக்கிறேன், காயமடைந்தவரையும் பார்த்துவருவேன்.