பெரிக்ரின்னு ஒரு இங்கிலீஷ்காரப் பேரு, யாராச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?

பனியன்கம்பெனிக்காரன், திருப்பூர்

வணக்கமுங்க. நான் இங்க ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சன்டைசர், பதினொரு வருசமா இதே சோலிதான். எங்க லண்டன் பையர் சைடுல ஆள் மாத்திட்டாங்க, புதுசா வந்தவரு பேரு பெரிக்ரின். இத்தன வருசத்துல ஜேம்ஸ், ஆலிவர், நைஜல்னு எத்தனையோ பேருக்கு மெயில் போட்டிருக்கேன், இந்தப் பேரு மட்டும் கண்ணுல பட்டதே இல்ல. கேத்தரின் மாதிரி ரின்னு முடியுதே, பொம்பளையா இருக்கும்னு நானா முடிவு பண்ணி "டியர் மேடம்"னு போட்டு லேப் டிப், அதாவது சாயம் போட்ட கலர் சாம்பிளுக்கு அப்ரூவல் கேட்டு மெயில் தட்டிட்டேன், மறுநாள் வீடியோ கால்ல பாத்தா நெஞ்சு வரைக்கும் தாடி வெச்ச ஆளு உக்காந்திருக்கறாரு. அவரு சிரிச்சுட்டு விட்டுட்டாரு, எனக்குத்தான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு தெரியல.

இதுல எங்க மொதலாளி வேற, அவரு அடுத்த மாசம் ஃபேக்டரி பாக்க வர்றாப்டி, அது பெரிய எடத்துப் பேராமா, பிரபு குடும்பத்துலதான் வெப்பாங்களாமா, அந்தப் பேர்ல யாரு யாரு இருந்தாங்கன்னு விசாரிச்சு வை, சாப்பிடறப்ப பேச்சுக்கு ஆகும்ங்கறாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அவிநாசிரோடு

பேரு எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டுமுங், பணத்துக்கு பேங்க் குடுக்கற உத்தரவாதம், அந்த எல்.சி. ஓப்பன் ஆச்சான்னு மொதல்ல பாருங்.

கோபி வாத்தியார்

தம்பி, நான் முப்பது வருசம் சரித்திரம் நடத்தி ரிட்டயர்டு ஆனவன், இங்கிலாந்து சரித்திரம்னா கொஞ்சம் கிறுக்கு. அந்தப் பேரு அங்க பெரிய எடத்துல நொழஞ்சதுக்குக் காரணம் ஒரு பொம்பளைங்க. கேத்தரின் வில்லபின்னு பேரு. சஃபோக் டியூக் சார்லஸ் பிராண்டன், எட்டாம் ஹென்றிக்கு உசுருக்கு உசுரான கூட்டாளி, அவரு தன் மகனுக்குக் கட்டிவெக்கலாம்னு வளத்த புள்ளைய, பொண்டாட்டி செத்ததும் தானே கட்டிக்கிட்டாரு, அப்ப கேத்தரினுக்கு 14 வயசு. ரெண்டு பசங்க பொறந்தாங்க. 1545ல புருசன் போயிட்டாரு. 1551ல இங்கிலாந்துல ஒரு வேர்வைக் காய்ச்சல் வந்துது, காலைல நல்லா இருக்கறவன் பொழுதோட இல்ல, அந்த மாதிரி. அதுல ரெண்டு பசங்களும் ஒரே நாள்ல போயிட்டாங்க.

அப்புறமேட்டு அந்தம்மா தன் அரமனைல வேல பாத்த ரிச்சர்ட் பெர்ட்டிங்கறவரையே கட்டிக்கிச்சு. டியூக் பொண்டாட்டியா இருந்தவ வேலைக்காரனக் கட்டறதான்னு ஊரே பேசியிருக்கும், அந்தம்மா கண்டுக்கல. வாய்த்துடுக்கு வேற சாஸ்தி. கார்டினர்னு ஒரு பிஷப்பு, அவரு மேல இருந்த கடுப்புல தன் நாய்க்கு கார்டினர்னு பேரு வெச்சுக் கூப்புட்டுட்டு இருந்துது. நேரம் பாருங்க, 1553ல மேரி ராணியாகி கத்தோலிக்க ஆட்சி வந்ததும் அதே கார்டினர் லார்டு சான்சலர் ஆயிட்டாரு. அந்தம்மாவோ பிராட்டஸ்டன்ட் பக்கம். 1555 தொடக்கத்துல கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு புருசனும் பொண்டாட்டியும் கடல் தாண்டி ஓடிட்டாங்க. ஜெர்மனில ரைன் ஆத்தங்கரைல வேசல்னு ஊரு, அங்க 1555 அக்டோபர் 12ல ஒரு பையன் பொறக்கறான். அந்நிய மண்ணுல பொறந்ததால லத்தீன்ல பெரெக்ரினுஸ், அதாவது அசலூர்க்காரன், வழிப்போக்கன். அதுதான் பெரிக்ரின்.

அங்கயும் நிம்மதியா இருக்க முடியாம லித்துவேனியா வரைக்கும் போயி, எலிசபெத் ராணி ஆனப்புறம் 1559லதான் ஊரு திரும்பினாங்க. அந்தப் பையன்தான் பின்னாடி வில்லபி பிரபு பெரிக்ரின் பெர்ட்டி, நெதர்லாந்துப் போர்ல இங்கிலீஷ் படைக்குத் தளபதி, 1601ல ஸ்காட்லாந்து எல்லைல பெரிக் கோட்டைக்கு கவர்னரா இருந்தப்ப செத்தாரு. அப்புறம் நம்ம பக்கம் அப்பாரு பேர பேரனுக்கு வெக்கறமே, அதே மாதிரி அந்த வம்சத்துல பெரிக்ரின் வந்துக்கிட்டே இருக்கும், ஆன்கேஸ்டர் டியூக் பட்டத்துல ரெண்டாவது ஆளும் பெரிக்ரின், மூணாவது ஆளும் பெரிக்ரின். உங்க மொதலாளி சொன்ன பெரிய எடம் இதுதான்.

பழனி நடைக்காரன்

வாத்தியாரே ஒரு நிமிசம். அசலூர்க்காரன், வழிப்போக்கன், ஊரூரா சுத்தறவன். அப்ப தமிழ்ல பரதேசிங்களா?? 😂 மொதலாளிகிட்ட சொல்லுங் தம்பி, மிஸ்டர் பரதேசி வர்றாருன்னு.

கோபி வாத்தியார்

சிரிப்புக்குச் சொல்றீங்க, ஆனா வார்த்தைக்கு வார்த்தை அதேதானுங்க. பரதேசம்னா வேற தேசம், பரதேசின்னா வேற தேசத்துக்காரன். பாலக்காட்டுக் கணவாய் தாண்டி கொச்சில மட்டாஞ்சேரி போனீங்கன்னா 1568ல யூதருக கட்டின பரதேசி சினகாக் இருக்குது, பின்னாடி வெளிநாட்டுல இருந்து வந்து குடியேறின யூதருகளோட கோயில்னு அர்த்தம், திட்டறதுக்கு வெச்ச பேரில்ல. பரதேசம் போறதுன்னா தல யாத்திரை போறதும்தான், பாப்பார வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ள கொடையும் தடியுமா கெளம்பறது பரதேசிக் கோலம். அங்கயும் இதே கததான், பெரெக்ரினுஸ்ல இருந்துதான் பில்க்ரிம்ங்கற வார்த்தையும் வந்துது. ரோமாபுரி ஆட்சில குடியுரிமை இல்லாத பிரஜைகளுக்கு எல்லாம் பெரெக்ரினுஸ்னுதான் பேரு. நம்ம வெள்ளலூர்ல புதையல் புதையலா ரோமன் காசு எடுத்தாங்களே, அந்தக் காசு பொழங்கின காலத்து வார்த்தை. இங்கதான் பரதேசிங்கறது போகப்போக பிச்சைக்காரன் ஆகி, எங்கம்மா "பரதேசி நாயே"ன்னு தொடப்பக்கட்டைய எடுக்கற அளவுக்கு வந்துருச்சு.

பழனி நடைக்காரன்

அட ஆமாங்! ரோசன பண்ணிப் பாத்தா நம்மாளுகளும் அப்படித்தானே வெச்சிருக்கோம். என்ற அப்புச்சி பேரு பழனியாண்டி. நாலு வள்ளம் தோட்டம், ரெண்டு கெணறு, ஊருக்குள்ள அவரு வந்தா திண்ணைல இருக்கறவன் எந்திரிப்பான், பேரு மட்டும் ஆண்டி. தைப்பூசத்துக்கு காவடி எடுத்துட்டு நடந்து போயி மலையேறினா சாமியும் ஆண்டிக் கோலத்துல தண்டத்தோட நிக்குது, அதே சாமிக்கு சாயரட்சைல ராஜ அலங்காரம், கிரீடம் என்ன தங்கம் என்ன. அந்த ஊர்ல பரதேசி டியூக் ஆனா நமக்கென்ன ஆச்சரியம்.

செல்வி, காங்கேயம்

எனக்கு வேற ஒண்ணு தோணுச்சுங்க. எங்கூர்ல ரெண்டு கொழந்த தவறிப்போச்சுன்னா அடுத்ததப் பொறந்ததும் குப்பைல போட்டுப் பொரட்டி எடுத்து குப்புசாமின்னோ குப்பாத்தான்னோ பேரு வெப்பாங்க, இல்லாட்டி அடுத்த வீட்ல குடுத்து தவிட்டுக்கு வாங்கின மாதிரி வாங்கி பிச்சைன்னு வெப்பாங்க, எமன் இது யாருக்கும் ஆகாத கொழந்தன்னு நெனச்சு விட்டுட்டுப் போயிருவான்னு. எங்க ஆத்தா பேரே குப்பாத்தாதான், அவங்களுக்கு முன்னாடி மூணு போச்சாம். அந்தம்மாவும் ரெண்டு பசங்கள ஒரே நாள்ல பறிகுடுத்தவங்கதானே, அடுத்து பொறந்த பையனுக்கு போயி யாராச்சும் அசலூர்க்காரன்னு வெப்பாங்களா, படிச்சதும் வயித்தப் பெசஞ்சுது.

கோபி வாத்தியார்

அம்மணி, நீங்க சொல்றது மனசுக்குப் படுது, ஆனா அப்படிச் சொல்லிற முடியாதுங்க. அவங்களுக்கு மொதல்ல சூசன்னு ஒரு பொண்ணு, அவளத்தான் கைக்கொழந்தையா தூக்கிட்டு ஓடினது, அவளுக்கு சாதாரணப் பேருதான். வெளித்தேசத்துல பொறந்தான்ங்கற காரணம்தான் பேருக்கு. ஆனா பசங்க செத்தப்புறம் பொறந்த மொத ஆம்பளப்பையன்ங்கறது நெசம்.

செல்வி, காங்கேயம்

சரிங்க. ஆனாலும் பெத்தவ மனசுல ஒரு ஓரமா இருந்திருக்கும்.

ஒப்பணக்கார வீதி

இந்தப் பேருக்காரர் ஒருத்தரு நம்ம மெட்ராசுக்கே வந்து வேலைய விட்டுட்டுப் போயிருக்காருங்க, யாரும் சொல்லலயே. சர் பெரிக்ரின் மைட்லண்டு. கோயமுத்தூர் கலெக்டர் சல்லிவன் தெரியும், சல்லிவன் வீதி தெரியும், இவர யாருக்கும் தெரியாது. 1815 வாட்டர்லூல நெப்போலியனோட காவல் படை கடைசியா ஏறி வர்றப்ப எதுத்து நின்ன கார்ட்ஸ் படைக்கு இவருதான் தலைவர். அதே வருசம் ரிச்மண்ட் டியூக்கோட பொண்ணு சாராவ வீட்டுக்குத் தெரியாம கூட்டிட்டுப் போயி கல்யாணம் பண்ணினாரு. 1818ல இருந்து பத்து வருசம் கனடால கவர்னரு, அப்புறம் 1836ல மெட்ராஸ் கவர்னரா வந்தாரு.

அப்பெல்லாம் கோயில் நிர்வாகம் பூராவும் கிழக்கிந்தியக் கம்பெனி கைல, 1817 சட்டப்படி வருவாய் வாரியமும் கலெக்டருகளும்தான் கோயில் கணக்கு பாக்கறது. திருவிழான்னா பட்டாளம் அணிவகுத்து மரியாதை செய்யோணும், கிறிஸ்தவ சிப்பாய்னாலும் ஆபீசர்னாலும் விலக்கு கெடையாது. மெட்ராஸ் பாதிரிமாரு இதுக்கு எதுத்து மனு குடுத்து ஒண்ணும் ஆகல. இவரு பக்தி சாஸ்தியான ஆளு, மனசாட்சி ஒத்துக்கல, 1838ல பதவியே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு கெளம்பிட்டாரு. லண்டன்ல அதுக்கு ஒரே சத்தம், கொஞ்ச வருசத்துல கம்பெனி கோயில் காரியத்துல இருந்து கையக் கழுவ ஆரம்பிச்சுது, 1863ல சட்டமே போட்டு ஒதுங்கிட்டாங்க. யாத்திரைக்காரன்னு பேரு வெச்சவன் யாத்திரைக் கோயில் சமாச்சாரத்துல வேலைய விட்டிருக்கான் பாருங்க!

கோபி வாத்தியார்

நல்ல தகவலுங்க, ஒரே ஒரு திருத்தம். மெட்ராஸ்ல அவரு கவர்னர் இல்ல, கமாண்டர் இன் சீஃப், படைத்தலைவர். 1837ல இருந்து கவர்னர் எல்ஃபின்ஸ்டன் பிரபு. மைட்லண்டு மறுபடி கவர்னர் ஆனது தென்னாப்பிரிக்கா கேப்ல, 1844ல.

ஒப்பணக்கார வீதி

ஆமாங், தப்புதான், கை அவசரம்.

கோத்தகிரி கெழவன்

பைரி கழுகுக்கும் இங்கிலீஷ்ல பெரிக்ரின்தான் பேரு, கூட்டுல எடுக்காம வலசை போறப்ப வழில புடிச்சுப் பழக்குவாங்கன்னு அந்தப் பேராமா. மேல இருந்து பாஞ்சா மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல போகும். இங்க நீலகிரிப் பாறைல நான் ரெண்டுவாட்டி பாத்திருக்கேன், நிமிந்து பாக்கறதுக்குள்ள புறா காலி.

அவிநாசிரோடு

மறுபடியும் வந்துட்டேன், இப்ப எனக்கே ஆசையாயிருச்சு. இங்கிலாந்துல இருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப்போன மேஃப்ளவர் கப்பல் இருக்குதில்ல, அது 1620 நவம்பர்ல கரையோரமா நங்கூரம் போட்டு நிக்கறப்ப கப்பலுக்குள்ளயே ஒரு பையன் பொறந்தான், அவனுக்கும் பெரிக்ரின்தான், பெரிக்ரின் ஒயிட். இவங்க பிரபுவெல்லாம் இல்ல, சாதாரண சனம். மூணு மாசத்துல அப்பன் செத்துட்டாரு, அந்தக் குளிர்ல வந்தவங்கள்ல பாதிப்பேரு போயிட்டாங்க, இவன் மட்டும் 1704 வரைக்கும் இருந்து 83 வயசுல செத்தான். செல்வி அக்கா சொன்ன எமன் கணக்கு இவனுக்கு பொருந்துதுங்.

இன்னொண்ணு, பெரிக்ரின் ஆஸ்போர்ன், பின்னாடி லீட்ஸ் டியூக். ரஷ்ய ராஜா பீட்டர் 1698ல கப்பல் கட்டற தொழில் பழக லண்டன் வந்தப்ப இந்தாளுதான் கூட்டாளி, ரெண்டு பேரும் பகல்ல படகு ஓட்டிட்டு ராத்திரி பிராந்தில மொளகு போட்டுக் குடிப்பாங்களாமா. மொதலாளி டின்னர்ல இத எடுத்து விடச்சொல்லுங், மத்ததெல்லாம் சாமி சமாச்சாரமா இருக்குது.

பனியன்கம்பெனிக்காரன், திருப்பூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு வரும்னு நெனக்கவே இல்ல. மொதலாளிகிட்ட பூராவும் படிச்சுக் காட்டினேன், வாட்டர்லூவும் மொளகு பிராந்தியும் புடிச்சுப்போச்சு, நாய்க்குப் பேரு வெச்சதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சாரு, பரதேசி மேட்டர மட்டும் பெரிக்ரின் காதுல போட்டுறாதடான்னு சொல்லிருக்காரு. அவரே நேத்து மெயில்ல கடைசில "பெர்ரி"ன்னு கையெழுத்துப் போட்டிருந்தாரு, இனி டியர் பெர்ரிதான், தப்பிச்சேன்.

ஆனா வேற ஒரு கூத்து ஆயிப்போச்சு. சாம்பிள் பெட்டி மேல ஒட்டறதுக்கு அவரு பேர ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பேக்கிங் அண்ணன்கிட்ட குடுத்துட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாக்கறேன், ஸ்டிக்கர்ல பேரு எழுதற எடம் காலியா கெடக்குது, கலர்னு இருக்கற கட்டத்துல பெரிக்ரின்னு பட்டையா எழுதி வெச்சிருக்காரு. ஏனுங்ணா இப்படின்னா, "பாட்டில் கிரீன் தெரியும், ஆலிவ் கிரீன் தெரியும், இது புதுசா வந்த கிரீன்னு நெனச்சேன் கண்ணு"ங்கறாரு. உள்ள இருந்த ஆறு பீசும் நேவி ப்ளூ.