கேபிளை வெட்டுவதா, ரீசார்ஜைக் குறைப்பதா?

கணக்குப்பிள்ளை:
நாலு பேர் வீடு. ஆளுக்கொரு சிம், ஒரு ஃபைபர், ஒரு கேபிள் பாக்ஸ், ரெண்டு ஓடிடி. 2024 ஜூலை ரீசார்ஜ் கட்டண ஏற்றத்துக்குப் பிந்தைய விலையில் போட்டுப் பார்ப்போம். தினம் ஒன்றரை ஜிபி தரும் ஜியோ 299 பிளான் 28 நாள்தான். ஆக வருஷத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். ஒரு சிம்முக்கு 3,887, நாலுக்கு 15,548. ஃபைபர் 399, ஜிஎஸ்டி சேர்த்து 470.82, வருஷத்துக்கு 5,650. கேபிள் மாசம் 250 என்று வைத்தால் 3,000. நெட்ஃபிளிக்ஸ் 199 வீதம் 2,388, பிரைம் 1,499. மொத்தம் 28,085. பாதிக்கு மேல் சிம்முக்கே போகிறது. எல்லாரும் ஓடிடியைத் திட்டுகிறார்கள். ஓட்டை வேறு பானையில் இருக்கிறது.

மொட்டைமாடி ஆண்டெனா:
கணக்கு சரி, தீர்ப்பு தப்பு. முதல்ல வெட்ட வேண்டியது கேபிள். ஒரு கட்டணச் சேனல்கூட எடுக்காம இணைப்புக்கு மட்டும் வாங்கற நெட்வொர்க் கட்டணமே மாசம் 130 வரைக்கும், வரியோட 153.40னு இருந்துச்சு. 2024 ஜூலையில டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) அந்த உச்சவரம்பையும் எடுத்தாச்சு, இனி ஆபரேட்டர் வெச்சதுதான் விலை. தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூப்ல நேரலையா ஓடுது. ஃபைபர் இருக்கற வீட்டுக்கு எதுக்குங்க ரெண்டாவது கம்பி?

திண்ணை:
ஆண்டெனா தம்பி, செய்திக்காகவா வீட்டில் கேபிள் வைத்திருக்கிறார்கள்? சீரியலுக்காக. கேபிளை வெட்டினால் சன் சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், விஜய்க்கு ஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5. ஒரு கம்பிக்குப் பதில் மூன்று சந்தா. கேபிளிலேயே குறைக்க வழி உண்டு, ஆனால் பலர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். "தனித்தனியாக எடுத்தால் மலிவு" என்று பொக்கேயை, அதாவது ஒரே நிறுவனத்தின் சேனல் தொகுப்பை, கலைக்கிறார்கள். 19 ரூபாய்ச் சேனல் ஐந்தைத் தனியாக எடுத்தால் 95. பொக்கேயில் 45 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்க விதி இடம் தருகிறது. முழுதாகக் கொடுத்தால் அதே ஐந்து 52 ரூபாய்க்கு வரும். ஒரே நிறுவனத்தின் சேனல் ஒன்றிரண்டுதான் வேண்டுமென்றால் தனியாக எடுங்கள், அதற்கு மேல் போனால் பொக்கே. தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மற்ற நிறுவனங்களின் பொக்கேக்களைத்தான் கழற்றச் சொல்ல வேண்டும்.

டிடி ஃப்ரீ டிஷ் என்று யாராவது ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: மாசக் கட்டணம் கிடையாது, உண்மைதான். ஆனால் டிடி தமிழை வைத்துக்கொண்டு சீரியல் பார்க்கும் வீட்டைச் சமாளிக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
கேபிளை முழுசா வெட்டினாலும் 3,000தானே மிச்சம்? சிம்முக்கு வருகிறேன். டேட்டா வேண்டாதவருக்கு, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் பிளான் வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. 2025 ஜனவரியில் வந்தன: ஏர்டெல் 1,849, ஜியோ 1,748. பகல் முழுக்க வைஃபையிலேயே இருக்கும் ஆளை இதற்கு மாற்றினால் தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 2,000 ரூபாய் மிச்சம். 1,748 மலிவு என்று பாயாதீர்கள். அது 336 நாள், மற்றது 365. நாள் கணக்கில் 5.20, 5.07.

மொட்டைமாடி ஆண்டெனா:
காய்கறிக் கடையில ஜிபே பண்ண வைஃபை எங்கேர்ந்து வரும்? நெட் இல்லாமலே யுபிஐ பண்ண *99# இருக்குன்னு சொல்வீங்க. அதுல க்யூஆர் ஸ்கேன் பண்ண முடியாது, நம்பரையோ யுபிஐ ஐடியையோ தட்டணும். கத்தரிக்காய் வாங்க வந்தவரு அதையா செஞ்சிட்டு நிப்பாரு?

கணக்குப்பிள்ளை:
நிற்க மாட்டார், சில்லறை கொடுப்பார். வங்கி ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும். யுபிஐ பதியும்போது போகும் எஸ்எம்எஸ்ஸுக்கும் இந்த பிளான் போதும். வெளியே அலையும் ரெண்டு பேரை மாற்றச் சொல்லவில்லை.

கம்பிவடம்:
ஃபைபர் செலவைக் குறைப்பதை யாரும் தொடவே இல்லை. காசு வீணாவது அங்கேயும்தான். 30 எம்பிபிஎஸ் 'மெதுவா இருக்கு' என்று 100க்கு மாறுகிறார்கள், மாறின பிறகும் அதே வேகம். காரணம், கடைசி அறையில் போன் வைஃபையின் மெதுவான அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரெண்டு சுவர் தாண்டினால் அங்கே 20, 30 வருவதே பெரிசு. முதலில் ரூட்டர் பக்கத்தில் லேன் கேபிள் போட்டு வேகம் பாருங்கள். அங்கே முழுசா வந்தால் பிளானில் குறை இல்லை, ரூட்டரை நடுக்கூடத்துக்கு மாற்றினாலே போதும். ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15. மூன்று டிவி ஃபுல் எச்டியில் ஓடினாலும் 30 தாங்கும்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் புது ரூட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஒளி வரவில்லை என்று அர்த்தம்: இழை மடிந்திருக்கும், அறுந்திருக்கும், அல்லது கனெக்டரில் அழுக்கு.

ஓடிடி சேர்ந்த பிளான் வாங்குவோருக்கு ஒன்று. பிராட்பேண்ட் விலைக்கு மேல் 18 சதவீதம் ஏறும், நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் காட்டும் விலையில் வரி ஏற்கெனவே அடக்கம். 400 ரூபாய் கூடுதல் என்றால் நிஜத்தில் 472. அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

திண்ணை:
கரண்ட் போனால்?

கம்பிவடம்:
ஓஎன்டி, அதாவது ஃபைபர் வந்து சேரும் பெட்டியின் அடாப்டரில் 12 வோல்ட் என்று இருந்தால், அதே வோல்ட்டில் மினி யுபிஎஸ். ஆம்பியர் அடாப்டரில் போட்டதற்குக் குறையக் கூடாது. ஒளியிழையே நேராக வீடு வரை வரும் ஜிபான் (GPON) இணைப்பில் வழியில் கரண்ட் தேவைப்படும் கருவி இல்லை, ஆபரேட்டர் முனையில் பேக்கப் இருந்தால் நெட் ஓடும். கம்பத்தில் கரண்டில் ஓடும் நெட்வொர்க் சுவிட்ச் மாட்டி இழுத்த இணைப்பு என்றால் தெருவோடு சேர்ந்து அணையும், யுபிஎஸ் தண்டச்செலவு.

மொட்டைமாடி ஆண்டெனா:
சரி, ஓடிடி. பிரைம் மாசம் 299, வருஷம் 1,499. அஞ்சு மாசம் கட்டினா 1,495. வருஷத்துல அஞ்சு மாசத்துக்குக் கம்மியா பாக்கறவங்க மாசக் கணக்குல எடுத்துட்டு நிறுத்திக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
நிறுத்துவதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் வழியாக வாங்கியதை அங்கே போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ வழியாகக் கட்டியது ஜிபே, போன்பே-யில் ஆட்டோபே பகுதியில் இருக்கும். 'ஒரு ரூபாய் டிரயல்' எடுக்கும்போது ஒப்புதல் திரையில் அதிகபட்சத் தொகை என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டுப் பின் நம்பரைப் போடுங்கள். பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவில் அது புதைந்துவிடுகிறது.

திண்ணை:
எங்கள் கேபிள்காரர் வாசலில் வந்து நின்றுதான் காசு கேட்கிறார். அவரிடம் இல்லை என்று சொல்லலாம்.