சாக்கடை தோண்டிய இடத்தில் தாழி: திங்கட்கிழமை கான்கிரீட் போடப்போகிறார்கள்

கேள்வி (சித்தூர், பாலக்காடு மாவட்டம்):
எங்கள் தெருவை அகலப்படுத்தி, ஓரமாகச் சாக்கடை தோண்டுகிறார்கள். நேற்று மதியம் பொக்லைன் வாளி எதையோ உடைத்தது. தண்ணீர்க் குழாய் என்று நினைத்து ஓடினேன். பானை வாய்! ஒன்றரை முழ அகலம், விரல் கனம். கழுத்தைச் சுற்றிக் கயிறு போல ஒரு பட்டை, அதில் வரிசையாக விரல் அழுத்திய பள்ளங்கள். ஒன்றில் என் விரலை வைத்தேன், பொருந்தியது. இரவு தூக்கமே வரவில்லை.

உள்ளே மண். நடுவில் ஒரு சின்னக் கிண்ணம். உட்புறம் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. தங்கம் இருக்கும் என்று பையன்கள் கம்பியால் கிளறினார்கள், சத்தம் போட்டு விரட்டினேன். சாகாத கிழவர்களை உயிரோடு வைத்த பானை, தொடாதே என்கிறார் அம்மா. நானே எடுத்து வீட்டில் வைத்துக் காப்பாற்றலாமா?

பதில் (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், பொள்ளாச்சி):
தம்பி, எடுக்காதீர்கள். அது முதுமக்கள் தாழி, பழங்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பானை. உங்கள் ஊர் மலையாளிகள் நன்னங்காடி என்பார்கள். உயிரோடு வைத்தார்கள் என்பது கதை. குழந்தைகளின் எலும்புகளும் தாழிகளில் கிடைத்திருக்கின்றன. கிண்ணத்தைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறம் கருக்கும்.

பானையைவிட உள்ளே இருக்கும் மண்தான் பெரிது. எலும்பு, உமி, பாசிமணி, இரும்பு ஆகியவை எந்த ஆழத்தில் எப்படிக் கிடக்கின்றன என்பதில்தான் காலமும் வாழ்க்கையும் இருக்கின்றன. கிளறிவிட்டால் அது வெறும் பானை. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. உங்கள் ஊரோ மேற்குக் கடற்கரையையும் நொய்யல் கரையில் இருந்த பழைய வணிக ஊரான கொடுமணலையும் இணைத்த பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது. இன்றே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

பதில் (பொக்லைன் ஓட்டுநர், கொழிஞ்சாம்பாறை):
பாறையில் வாளி பட்டால் கை அதிரும். பானையில் பட்டால் பொத்தென்று உள்வாங்கும். ஒன்று இருந்தால் பக்கத்திலும் இருக்கும். மேற்பார்வையாளரிடம் மட்டும் பேசாதீர்கள், வண்டி ஓட்டுபவரிடம் பேசுங்கள். இதுபோல ஒன்றை நான் அறியாமல் நொறுக்கியிருக்கிறேன், இன்னும் உறுத்துகிறது.

கேட்டவர்:
மனு கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். எங்கள் தெருவில் தோண்டும் ஓட்டுநரிடம் பேசினேன், அவர் எதிர்ப்பக்கம் தோண்டப் போய்விட்டார். மழை இருட்டிக்கொண்டு வருகிறது ஐயா, தார்ப்பாய் போடலாமா?

ஆசிரியர்:
போடுங்கள். மண்ணில் படாமல் கம்பு நட்டுக் கட்டுங்கள். சுற்றிலும் வரப்புப் போட்டுத் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.