நடப்பதற்கு மட்டும் வீட்டு டிரெட்மில், பட்ஜெட் குறைவு: எதைப் பார்த்து வாங்குவது?

மாடிப்படி:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக டிரெட்மில் தேடுகிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. என் எடை 94 கிலோ, உயரம் 178 செ.மீ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது கொஞ்சம் மூச்சு வாங்கும்படி நடந்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை முடிந்து வீடு வரவே இரவு ஒன்பதாகிவிடுகிறது, அதற்குமேல் வெளியே போய் நடப்பது நடக்கிற காரியமாக இல்லை. மனைவியும் (60 கிலோ) நடப்பார். அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் தேய்மானம், அவரும் மெதுவாக நடந்து பார்க்க ஆசைப்படுகிறார். ஓடுகிற எண்ணம் வீட்டில் யாருக்கும் இல்லை.

கையில் இருக்கும் தொகைக்கு இரண்டு கிடைக்கின்றன. ஒன்று மோட்டார் 4 ஹெச்பி (குதிரைத்திறன்) என்று போட்டிருக்கிறது, பெரிய தொடுதிரை, ஸ்பீக்கர் எல்லாம் உண்டு, ஆனால் பெல்ட் 110க்கு 40 செ.மீ.தான். இன்னொன்று 2 ஹெச்பி, சின்ன எண் திரை மட்டும், பெல்ட் 128க்கு 45, ஏற்றத்தைக் கையால் மூன்று நிலையில் மாற்றலாம். விலை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. பாதி விலைக்கு மோட்டார் இல்லாத வகையும் இருக்கிறது. 4 ஹெச்பியை விட்டுவிட்டு 2 ஹெச்பி வாங்கினால் ஏமாந்தவன் ஆகிவிடுவேனோ என்றுதான் யோசனை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்கை:

நண்பரே, நான் பதினோரு வருடமாக இந்த மெஷின்களைப் பழுது பார்ப்பவன். உங்கள் கேள்வியிலேயே பதில் பாதி இருக்கிறது, இரண்டாவதை எடுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்கு கடைக்காரர் வேறு ஒன்றைக் காட்டினாலும் நீங்களே எடை போட வேண்டும்.

அட்டைப்பெட்டியில் போடும் ஹெச்பியில் இரண்டு வகை உண்டு. பீக் என்பது மோட்டார் ஒரு நொடி முக்கித் தரக்கூடிய உச்சம். கன்டினியூஸ் என்பது மணிக்கணக்கில் சூடேறாமல் தொடர்ந்து தரக்கூடியது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான், விளம்பரத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் முதலாவது. சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 1 ஹெச்பி என்றால் 746 வாட். உண்மையிலேயே 4 ஹெச்பி தொடர்ந்து தரும் மோட்டார் கிட்டத்தட்ட 3000 வாட் இழுக்க வேண்டும். மெஷினின் அடியிலோ முன்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று படியுங்கள். அங்கே 1100 என்றோ 1500 என்றோ இருந்தால் 4 ஹெச்பி எந்த வகை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். இரண்டாவது மெஷினின் 2 ஹெச்பி கன்டினியூஸா என்பதையும் இதே மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், அதையும் அப்படியே நம்ப வேண்டாம்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். வேகமாக ஓடும் ஒல்லியான ஆளைவிட, மெதுவாக நடக்கும் கனமான ஆள்தான் மோட்டாரை அதிகம் சோதிப்பார். குறைந்த வேகத்தில் ஒவ்வொரு காலடிக்கும் பெல்ட் டெக்கோடு (பெல்ட்டுக்கு அடியில் இருக்கும் பலகை) அழுந்தி நிற்கப் பார்க்கும், மோட்டார் அதை இழுக்க அதிகக் கரண்டு எடுக்கும், அதே நேரம் மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும் என்பதால் சூடு வெளியேறாது. நான் மாற்றிக் கொடுக்கும் கன்ட்ரோல் போர்டுகளில் பெரும்பகுதி இப்படிப் போனவைதான். அதனால் 'நடப்பதற்குத்தானே, எதுவாக இருந்தால் என்ன' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 94 கிலோவுக்கு, எடை வரம்பு 115 அல்லது 120 கிலோவாவது போட்டிருக்கும் மெஷின் வேண்டும். வரம்பை ஒட்டி வாங்கினால் டெக் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கடையில் பார்க்கும்போது வேகத்தை 2 கி.மீ.யில் வைத்துவிட்டு ஏறி, குதிகாலை நன்றாக அழுத்தி நடங்கள். அழுத்தும்போது பெல்ட் ஒரு கணம் தயங்கி அப்புறம் நகர்ந்தால் அந்த மெஷின் உங்களுக்கு வேண்டாம். இந்த ஒரு சோதனை போதும், திரையில் என்ன படம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

ஏற்றநடை:

ஸ்பேனர்கை சார் மெஷினைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் முழங்காலைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கும் முழங்கால் வலி உண்டு, நான்கு வருடமாக வீட்டில்தான் நடக்கிறேன்.

மோட்டார் இல்லாத வகையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விலை குறைந்த அந்த மெஷின்களில் பெல்ட்டை நம் காலால்தான் தள்ள வேண்டும், அது தள்ளப்படுவதற்காகவே டெக்கைச் சாய்த்து வைத்திருப்பார்கள். முன்னால் இருக்கும் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கால் விரலால் உந்தி உந்தி நடக்க வேண்டியிருக்கும், அது நடையே இல்லை. உங்கள் அப்பா பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவார், மறுபடி ஏறவும் மாட்டார்.

ஓடப் போவதில்லை என்கிறீர்கள், அப்படியானால் ஏற்றம்தான் உங்களுக்கு வரம். உடற்பயிற்சித் துறையில் ஆக்சிஜன் தேவையைக் கணக்கிட ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அதன்படி 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடப்பவர் அதே வேகத்தில் 5 சதவீத ஏற்றம் வைத்தால் உழைப்பு ஏறக்குறைய 60 சதவீதம் கூடுகிறது. வேகத்தைக் கூட்டவே வேண்டாம். இதயப் பரிசோதனைக்கு மருத்துவமனையில் டிரெட்மில்லில் ஏற்றுவார்களே, அதில் பரவலாக இருக்கும் புரூஸ் முறை தொடங்குவதே மணிக்கு 2.7 கி.மீ. வேகத்தில்தான், ஆனால் ஏற்றம் 10 சதவீதம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டிக்கொண்டே போவார்கள், முதல் நிலையிலேயே மூச்சு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கையால் மாற்றும் மூன்று நிலை ஏற்றம் கொஞ்சம் சிரமம் என்றாலும் (இறங்கித்தான் மாற்ற வேண்டும்) இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டு எச்சரிக்கை. ஏற்றம் வைத்துவிட்டுக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நடந்தால் உழைப்பு குறைந்துவிடும், திரை மட்டும் பழைய கலோரியையே காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் முதல் நாளே பெரிய ஏற்றத்துக்குப் போகாதீர்கள், கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஒரு மாதம் வீணானது அப்படித்தான்.

மாடிப்படி:

இருவருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு தெளிவாக யாருமே சொல்லவில்லை. முதல் மெஷினின் தகட்டைக் கடையில் போய்ப் பார்த்தேன், 1250 வாட் என்று இருக்கிறது! இரண்டாவதில் 1500.

இன்னும் இரண்டு சந்தேகம். தெரிந்தவர் ஒருவர் ஆறு வருடப் பழைய பெரிய மெஷின் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார், பெல்ட் 140க்கு 50, மோட்டார் 2.5 ஹெச்பி கன்டினியூஸ். புதிதைவிட விலை குறைவு. எடுக்கலாமா? அப்புறம் வீட்டில் நான்கு வயதுப் பையன் இருக்கிறான், இதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

தொட்டில்கயிறு:

பையன் இருக்கிறான் என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும் அண்ணா. எனக்கு இரண்டு பிள்ளைகள், அதனால் இதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஓடும் பெல்ட்டின் பின்முனைதான் ஆபத்து. குழந்தையின் கையோ பொம்மையோ அதில் பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும், பெல்ட் உரசியே தோல் தீய்ந்துவிடும். 2021இல் அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் தன் ட்ரெட் பிளஸ் மெஷின்களைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம், ஒரு குழந்தை இறந்த பிறகு எடுத்த முடிவு அது. விலை உயர்ந்த மெஷினிலேயே இது நடந்திருக்கிறது என்பதால் எந்த மெஷினையும் நம்பி விட்டுவிட முடியாது.

மெஷினோடு வரும் சிவப்புப் பாதுகாப்புச் சாவியின் (பிடுங்கினால் பெல்ட் நின்றுவிடும்) கயிற்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும், நடந்து முடித்ததும் சாவியைக் கழற்றி உயரத்தில் வைத்துவிடுங்கள், பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சாவி இல்லாமல் மெஷின் ஓடாது, கடையிலேயே அதைச் சோதித்துப் பாருங்கள். மெஷினுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் காலியாக விடுங்கள், சுவரை ஒட்டி வைத்தால் தடுக்கி விழும்போது சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வோம். கதவு உள்ள அறையாக இருந்து, நடக்கும்போது அதைத் தாழ் போட்டுக்கொள்ள முடிந்தால் மிகவும் நல்லது. நான் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் ஏறுவேன். மடித்து நிறுத்துகிற வகையென்றால் பூட்டு நன்றாக விழுகிறதா என்று ஆட்டிப் பாருங்கள், அந்தக் கனம் ஒரு பிள்ளை மேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸ்பேனர்கை:

தங்கை சொன்னதில் ஒரு எழுத்துகூட விட வேண்டாம்.

பழைய மெஷினுக்கு வருகிறேன். நல்ல பழையது மோசமான புதியதைவிட மேல், ஆனால் பார்த்து வாங்க வேண்டும். மெஷினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி டெக்கைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருக்க வேண்டும். மேல்பூச்சு போய் மரம் தெரிந்தாலோ நடுவில் பள்ளம் விழுந்திருந்தாலோ பெல்ட்டோடு டெக்கும் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவைச் சேர்த்தால் லாபம் ஒன்றும் மிஞ்சாது. அப்புறம் இருபது நிமிடமாவது நீங்களே நடந்து பாருங்கள், ஐந்து நிமிடம் போதாது, சூடேறிய பிறகுதான் கருகிய வாடையும் ஓசையும் வரும். அந்த மாடலுக்கு கன்ட்ரோல் போர்டும் பெல்ட்டும் இப்போது கிடைக்கிறதா என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம், நாளைக்கு அதைத் தூக்கிப் போடவும் நீங்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

50 செ.மீ. அகலமும் 140 நீளமும் ஓடுபவர்களுக்குத்தான் அவசியம். உங்கள் உயரத்துக்கு வேகமாக நடக்க 125க்கு மேல் நீளம் இருந்தால் போதும். 110 என்றால் கால் பின்னால் போகும்போதே முனை வந்துவிடும், அந்தப் பயத்தில் அடியைச் சுருக்கி நடப்பீர்கள்.

எதை வாங்கினாலும் பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் மட்டும் போடுங்கள், கையேட்டில் சொன்ன இடைவெளியில். சமையல் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எல்லாம் போட்டுக் கொண்டுவருகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கும். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் இருக்கும் இடது போல்ட்டைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஓடவிட்டுப் பாருங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டவே மாட்டாதீர்கள்.

ஏற்றநடை:

மாடிப்படி, அப்பாவுக்காக ஒன்று. டெக் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள், முழங்கால் வலிக்காரருக்கு அந்த ஒரு படி ஏறுவதே கஷ்டம். மெஷின் 1 கி.மீ. அல்லது அதற்கும் கீழே தொடங்க வேண்டும், பக்கவாட்டுக் கைப்பிடி நீளமாக இருக்க வேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிப் பாருங்கள்.

மாடிப்படி:

இன்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். பழையதை முதலில் பார்த்தோம், டெக்கின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மரம் தெரிந்தது, விட்டுவிட்டோம். பிறகு கடையில் 128க்கு 45 மெஷினில் 2 கி.மீ. வைத்துக் குதிகாலை அழுத்தி நடந்தேன், தயக்கமே இல்லை. எடை வரம்பு 120 கிலோ. அதே சோதனையைத் தொடுதிரை மெஷினில் செய்தபோது நான்காவது அடியிலேயே பெல்ட் நின்று நகர்ந்தது. அப்பா பிடியைப் பிடித்துக்கொண்டு 1 கி.மீ.யில் ஆறு நிமிடம் நடந்தார், இறங்கும்போது முழங்கால் எப்படி என்று கேட்டேன், 'நாளைக்கு வந்துவிடுமா?' என்றார். முன்பணம் கட்டிவிட்டேன். வியாழக்கிழமை வருகிறது, கதவுள்ள பின்னறையைக் காலி செய்துகொண்டிருக்கிறோம்.